தாடோபா சஃபாரி: மதிப்பெண் வழிகாட்டிக்கே

மகாராஷ்டிரத்தில் உள்ள புலிகள் காப்பகமான தாடோபாவுக்குப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் "புலி கட்டாயம் காட்டுகிறோம்" என்று வாக்குக் கொடுக்கும் ஏஜெண்டு எவரையும் நம்பிப் போகாதீர்கள். காட்டுப் புலியை எவராலும் வரவழைக்க முடியாது. மகாராஷ்டிர வனத்துறையின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். உங்கள் வண்டியில் ஏறும் வழிகாட்டியின் சொல்லுக்குக் கட்டுப்படுங்கள். கொடுத்த காசு வீண் போகாது.

திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உணவுச் சங்கிலி என்றால் உச்சியில் புலி என்று கரும்பலகையில் வருடக்கணக்காக எழுதிப் போட்டவள். அந்த உச்சியை அதன் இடத்தில் பார்க்க வேண்டும் என்பது பழைய ஆசை. அக்காள் மகள் நாக்பூரில் வேலையில் இருக்கிறாள். ஏப்ரல் மாதத்தில் அவளோடு நானும் இடுப்பு வலிக்காரரான என் கணவரும் போய்வந்தோம்.

நம் ஊரிலேயே முதுமலை இருக்கிறதே என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2022 கணக்கெடுப்பின்படி முதுமலையில் 114 புலிகள், தாடோபாவில் 97. எண்ணிக்கையில் முதுமலைதான் மேல். ஆனால் புலி அதிகமுள்ள காடும் புலி கண்ணில் படுகிற காடும் ஒன்றல்ல. முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வேனில் ஏறினால் குறுகிய நேரச் சுற்றுதான். சாலையின் இருபுறமும் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும். பத்தடி உள்ளே புலி படுத்திருந்தாலும் தெரியாது. தாடோபா உலர்ந்த இலையுதிர் காடு. தேக்கும் மூங்கிலும் கருமருதும் வேனிலில் இலையைக் கொட்டிவிடுகின்றன. பார்வை வெகுதூரம் போகிறது. தண்ணீர் சில குளங்களிலும் தொட்டிகளிலும் மட்டுமே மிஞ்சுவதால் விலங்குகள் அங்கே வந்துதான் ஆக வேண்டும். மேலும் இங்கே ஒரு சஃபாரி என்றால் ஏறத்தாழ நான்கு மணி நேரம். காத்திருக்க நேரம் கிடைக்கிறது. காட்டில் பாதி வேலை காத்திருப்பதுதான்.

போகும் வழி எளிது. சென்னையிலிருந்து டெல்லி செல்லும் ரயில்கள் பல பல்லார்ஷாவில் நிற்கின்றன. அடுத்த ஊர் சந்திரப்பூர், நிலக்கரிச் சுரங்கமும் அனல் மின் நிலையமும் உள்ள மாவட்டத் தலைநகரம். அங்கிருந்து மோகர்லி நுழைவாயில் சுமார் 30 கிலோமீட்டர். நாக்பூர் வழியாக வருகிறவர்களுக்குக் கோலாரா நுழைவாயில் வசதி. காட்டின் எந்தப் பக்கம் நுழைவது என்பதைத் தீர்மானித்த பிறகே விடுதியைப் பதிவு செய்யுங்கள். ஒரு நுழைவாயிலுக்கு அனுமதி வாங்கிவிட்டு இன்னொன்றின் பக்கம் தங்கினால் விடியற்காலையில் காட்டைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

கட்டணத்தில் நுழைவு, ஜிப்சி எனப்படும் ஜீப்பின் வாடகை, வழிகாட்டியின் கூலி மூன்றும் அடங்கும். ஒரு வண்டியில் ஆறு பேர் வரை போகலாம் என்பதால் ஆறு பேராகச் சேர்ந்து போனால் தலைக்கு ஆகும் செலவு நன்றாகக் குறையும். சனி, ஞாயிறுகளில் கூடுதல் விலை. பதிவில் கொடுத்த அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும். பெயர் மாறியிருந்தால் உள்ளே விடமாட்டார்கள். முதலில் நாங்கள் விசாரித்த ஏஜெண்டு ஒருவர் இதே அனுமதிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார். எதற்கு என்று கேட்டபோது, "புலி இருக்கும் இடம் தெரிந்த டிரைவர் எங்களிடம் இருக்கிறார்" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டேன். வழிகாட்டிகள் நுழைவாயிலில் முறை வைத்து ஒவ்வொரு வண்டியாக ஏறுகிறார்கள். நாம் ஆளைப் பொறுக்கி எடுக்க முடியாது.

கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்த விதி. ஒரு வண்டிக்குப் புலி தென்பட்டவுடன் மற்ற வண்டிகளுக்குச் செய்தி பறக்கிற வழி இதனால் அடைபடுகிறது. இன்னொன்றும் நடக்கிறது: மனிதர்கள் தலையைத் தூக்கிக் காட்டைப் பார்க்கிறார்கள். நாக்பூரில் கைபேசியைக் கீழே வைக்காத என் அக்காள் மகள், உள்ளே நுழைந்த சற்று நேரத்தில் சாலையோரத்து மொட்டைக் கிளையில் பனங்காடை ஒன்று நீலச் சிறகை விரித்ததைக் கண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

இனி வழிகாட்டி. மோகர்லியில் எங்கள் வண்டியில் ஏறியவர் நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. சுற்றியுள்ள கிராமம் ஒன்றில் வசிக்கும் கோண்டு பழங்குடி இனத்தவர். காக்கிச் சட்டை, இறுக்கி முடிந்த கொண்டை. டிரைவர் அவரைத் "தாயி" என்று கூப்பிட்டார்; மராத்தியில் அக்காள் என்று பொருள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் என்னை "மாவஷி", அதாவது சித்தி, என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியும் அக்காள் மகளின் மராத்தியும் போதுமானதாக இருந்தன. ஏறியவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, "புலி மட்டும் பார்க்க வேண்டுமா, காட்டைப் பார்க்க வேண்டுமா?" காட்டைக் காட்டுங்கள், புலி வந்தால் அதன் விருப்பம் என்றேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். டிரைவரும் கியரை மாற்றி வேகத்தைக் குறைத்தார். நான் சொல்லும் யோசனைகளில் இதுதான் முக்கியமானது: வண்டி புறப்படும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். புலி காட்டாவிட்டால் விருந்தாளி முகம் சுளிப்பாரே என்ற கவலை வழிகாட்டிகளின் தலையில் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கவலையை இறக்கி வைத்தால் அவர்கள் தமக்குத் தெரிந்ததையெல்லாம் கொடுக்கிறார்கள்.

சற்றுத் தூரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்காமல், சாலைப் புழுதியைக் காட்டினார். புலியின் கால்தடம். நான்கு விரல், பின்னால் மூன்று மடிப்பாக முடியும் பெரிய திண்டு, நகக்குறி இல்லை. நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பது பூனை இனம்; செந்நாய் என்றால் நகம் பதிந்திருக்கும் என்றார். இவ்வளவு எனக்குப் பாடப்புத்தகத்திலேயே தெரியும். தெரியாதது அடுத்து வந்தது. தடத்தின் அடியில் டயரின் வரி தெரிந்தது. தடம் அந்த வரியை நசுக்கியிருந்தது. "எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டிதான் இந்த வழியில் போயிருக்கிறது. அது போன பிறகு இவள் நடந்திருக்கிறாள்" என்றார். பெண் என்று எப்படித் தெரியும் என்றேன். ஆணின் தடம் ஏறக்குறையச் சதுரமாக விழும், பெண்ணுடையது நீண்டிருக்கும் என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினார். பாடம் நடத்துகிறவர்கள் பார்த்துக் கற்க வேண்டிய வரிசை அது: முதலில் பொருள், பிறகு கேள்வி, கடைசியில் விதி.

இன்னொரு மரத்தடியில் மூச்சை இழுத்துப் பார்க்கச் சொன்னார். வெந்துகொண்டிருக்கும் பாசுமதிச் சோற்றின் வாசனை! அந்த வனாந்தரத்தில் சோறு எங்கிருந்து வந்தது என்று என் கணவர் திரும்பிப் பார்த்தார். புலி தன் எல்லையைக் குறிக்க வாலைத் தூக்கி மரத்தின் மேல் பீய்ச்சும் திரவத்தின் மணம் அது. பாசுமதிக்கு மணம் கொடுக்கும் அதே வேதிப்பொருள் புலியின் அந்தத் திரவத்திலும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். படித்திருந்தேன். மூக்கில் ஏறியது அன்றுதான். புலியைப் பார்க்காமலே திரும்பியிருந்தாலும் அந்த மரத்துக்காக மட்டும் நான் நிறைந்த மனத்தோடு ஊர் வந்திருப்பேன்.

புலியும் வந்தது. பிற்பகல் சஃபாரி. வெயில் தோலை உரிக்கிற நேரம். சூரிய மின்சாரப் பம்பு வைத்து நிரப்பும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குச் சற்றுத் தள்ளி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். புள்ளிமான்கள் குடித்துவிட்டுப் போயின. மந்தி ஒன்று மரத்தின் உச்சியிலிருந்து இருமுவதுபோல் கத்தியது. நாங்கள் எல்லோரும் நிமிர்ந்தோம், தாயி அசையவில்லை. மந்தி சிறுத்தைக்கும் கத்தும், இன்னொரு மந்திக் கூட்டத்துக்கும் கத்தும் என்றார். பிறகு புள்ளிமானின் கூரிய குரல். அதற்கும் தலையை மட்டும் திருப்பினார். அடுத்து மூங்கில் புதருக்குள்ளிருந்து ஒரே ஒரு கனத்த ஒலி, வயிற்றிலிருந்து எழுந்த முழக்கம். கடமான். தாயியின் கை டிரைவரின் தோளுக்குப் போனது. கடமான் வீணாகக் குரல் கொடுக்காதாம். அது கத்தினால் எதிரியைக் கண்ணால் கண்டுவிட்டது என்று பொருள்.

பெண்புலி புதரிலிருந்து வெளியே வந்தபோது அவசரம் எதுவும் இல்லை. தொட்டியின் விளிம்பில் நின்று, எங்களை ஒரு முறை பார்த்து, உடலைத் திருப்பி, பின்பக்கமாகவே தண்ணீருக்குள் இறங்கியது. முதலில் பின்னங்கால்கள், பிறகு இடுப்பு, பிறகு மெல்ல வயிறு. முகத்தில் தண்ணீர் தெறிப்பதைப் புலிகள் விரும்புவதில்லை என்றார் தாயி, உதட்டை மட்டும் அசைத்து. முன்னங்கால்களை விளிம்பில் நீட்டி அது உட்கார்ந்தது. தலையைத் திருப்பும்போதெல்லாம் காதுகளின் பின்புறத்தில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் இரண்டு கண்களைப்போல எங்களைப் பார்த்தன. ஒரு ஈ மூக்கின் மேல் உட்கார, மீசை மட்டும் துடித்தது. எங்கள் வண்டியில் எவரும் பேசவில்லை. என் கணவர் இடுப்பை மறந்து, இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு மற்ற வண்டிகள் வந்தன. எந்தப் புலிக்காட்டுக்குப் போனாலும் பயணத்தின் மோசமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு வண்டியிலிருந்த குடும்பத்தார் "இன்னும் முன்னால் போ" என்று டிரைவரை நெருக்கினார்கள். ஒருவர் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டியதையும் பார்த்தேன். விலங்குக்கும் வண்டிக்கும் இடையே குறைந்தது 20 மீட்டர் இருக்க வேண்டும் என்பது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறி. அதை மீறச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நம்மைப்போன்ற பயணிகள்தான். மீறினால் தண்டனை போவதோ டிரைவருக்கும் வழிகாட்டிக்கும். அவர்களின் பிழைப்பு அந்த அனுமதியில் இருக்கிறது. புலி எழுந்து நாங்கள் நிற்கும் சாலையைக் கடக்கப் பார்த்தபோது தாயி எங்கள் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். வழி விட்டோம். எங்களுக்குக் காட்சி குறைந்தது. புலிக்குப் பாதை கிடைத்தது. அந்த ஒரு முடிவுக்கே அவருக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன்.

எல்லாச் சஃபாரியிலும் இப்படி அமையவில்லை. மறுநாள் வேறு வழிகாட்டி, வயதில் சிறியவர். எங்களோடு வந்த அக்காள் மகளின் அலுவலக நண்பர்கள் இருவர் புலி, புலி என்று அவரை விடாமல் நச்சரித்தார்கள். அவரும் பாவம், குளத்துக்குக் குளம் வண்டியை விரட்டினார். காட்டுமாட்டுக் கூட்டம் ஒன்று கன்றுகளோடு சாலையோரம் நின்றது. ஆயிரம் கிலோ எடை வரை வளரும் விலங்கு, வெள்ளைக் காலுறை போட்டதுபோல் முழங்காலுக்குக் கீழே வெளுத்த கால்கள். அதைக்கூட நின்று பார்க்க விடவில்லை. புலியும் தென்படவில்லை. அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காட்டின் நடுவே தாடோபா ஏரி. கரையில் பெரிய மரத்தடியில் தாரு தெய்வத்தின் கோயில். தாரு என்பவர் கிராமத் தலைவராக இருந்து புலியோடு போரிட்டு உயிர்விட்டவர் என்பது கோண்டு மக்களின் நம்பிக்கை; அவர் பெயரால்தான் இந்தக் காட்டுக்குப் பெயர். மார்கழி, தை மாதங்களை ஒட்டி ஆண்டுதோறும் இங்கே விழா எடுக்கிறார்கள். மோகர்லியிலிருந்து ஏரிக்குப் போகும் சாலையோரத்தில் கோண்டு அரசர்கள் காலத்துக் கற்றூண்கள் வரிசையாக நிற்கின்றன. வண்டி வேகமாகப் போனால் தவறிவிடும். நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

1955இல் தேசியப் பூங்காவான இந்தக் காட்டுக்குள் முன்பு ஊர்கள் இருந்தன. ஜாம்னி அவற்றில் ஒன்று. ஊரை வெளியே குடியமர்த்திய பிறகு வயல்கள் புல்வெளியாகிவிட்டன. இப்போது அங்கே மான் கூட்டங்கள் மேய்கின்றன, மானைத் தேடிப் புலி வருகிறது. நாம் கேமராவைத் தூக்கும் அந்த அழகிய வெளி ஒருவருடைய வீட்டு வாசலாக இருந்தது. புலிகள் பெருகியதன் விலையைச் சந்திரப்பூர் மாவட்டத்துக் கிராமங்கள் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இலுப்பைப் பூ பொறுக்கவும் பீடி இலை பறிக்கவும் வேனிலில் காட்டோரம் போகிறவர்கள் தாக்கப்படுகிறார்கள். 2021 நவம்பரில், கணக்கெடுப்புக்காகக் காட்டுக்குள் நடந்துபோன பெண் வனக்காவலர் ஒருவரே புலிக்குப் பலியானார். தாயியிடம் பயமில்லையா என்று கேட்டேன். "வண்டியில் இருக்கும்போது பயமில்லை. விடிகாலையில் வீட்டிலிருந்து நுழைவாயிலுக்கு வரும்போது பயம்தான்" என்றார். சஃபாரிப் பணத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்டவர்களின் சம்பளமாகப் போகிறது என்பதால்தான் நான் போகச் சொல்கிறேன். புலியால் இழக்கிற ஊருக்குப் புலியால் ஒரு வரவும் இருக்க வேண்டும்.

உடம்பைப் பற்றி. ஜிப்சி திறந்த வண்டி. பின்வரிசை உயரமாக இருப்பதால் பார்வை நன்றாக இருக்கும், தூக்கிப் போடுவதும் அங்கேதான் அதிகம். இடுப்பு, கழுத்து வலிக்காரர்கள் முன்வரிசையைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் டிரைவர் தானாகவே ஒரு போர்வையை நான்காக மடித்துக் கணவரின் இருக்கையில் போட்டுக் கொடுத்தார். கழிப்பறை நினைத்த இடத்தில் இல்லை. எங்கே நிறுத்த முடியும் என்பதைப் புறப்படும் முன்பே வழிகாட்டியிடம் கேட்டுவிடுவது பெண்களுக்கு நல்லது. பழுப்பு, சாம்பல், பச்சை நிறப் பருத்தி உடை, தலைக்குத் துணி, புழுதிக்கு மூக்கை மூட ஒரு கைக்குட்டை. ஏப்ரல், மே மாதங்களில் 43, 44 டிகிரி சாதாரணம். டிசம்பரிலும் ஜனவரியிலும் காலைச் சஃபாரியில் குளிர் எலும்பைத் தொடும் என்கிறார்கள். விடுதிகள் கம்பளி கொடுப்பதுண்டு. நாங்கள் தங்கிய விடுதியின் அறை சுத்தம், ஆனால் காலைச் சிற்றுண்டிப் பொட்டலத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்க மறந்துவிட்டார்கள். கேட்டும் திருப்பித் தரவில்லை. நுழைவாயில் அருகே பெட்டிக்கடையில் சூடான அவல் போகாவும் இஞ்சித் தேநீரும் கிடைத்தன. அதுவே நன்றாக இருந்தது.

பணம் யோசிக்கிறவர்கள் பஃபர் எனப்படும் சுற்றுக் காட்டையும் பாருங்கள். அகர்சாரி, ஜுனோனா, அலிசன்ஜா போன்ற நுழைவாயில்களில் கட்டணம் குறைவு. புலிகளுக்கு எல்லைக்கோடு தெரியாது; பஃபரிலும் நிறையவே தென்படுகின்றன. மையக் காடு செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்திலும் திறப்பதில்லை. புலிக்காக மட்டும் போகிறவர்களுக்கு மார்ச் முதல் மே வரை. வெயில் தாங்காத பெரியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் நவம்பருக்குப் பிறகு போங்கள். புலி தென்படும் வாய்ப்பு சற்றுக் குறையும், காடு பசுமையாக இருக்கும். ஒரே ஒரு சஃபாரிக்காக அவ்வளவு தூரம் போவது சரியில்லை. காலை ஒன்று, மாலை ஒன்று என்று குறைந்தது இரண்டு நாளுக்காவது பதிவு செய்யுங்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் அன்பளிப்பைச் சஃபாரி முடிந்த பிறகு கொடுங்கள்; புலி வந்ததா இல்லையா என்று பார்த்துத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.